உங்களுக்குத் தெரியுமா? போர்வீரனை மடாதிபதி ஆக்கிய தீட்சை

அனுப்பம்பட்டில் மின்சார ரயில் ஏறித் தெற்கே போனால், எண்ணூரைத் தாண்டி வருவது திருவொற்றியூர். அங்குள்ள சிவன் கோயிலில், ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்துக் கல்வெட்டு ஒன்று கேரளத்து வல்லபனின் கதையைச் சொல்கிறது. சோழ இளவரசன் இராசாதித்தனின் உற்ற துணைவன் அவன். 949-இல் தக்கோலப் போரில் இளவரசன் மாண்டபோது உடனிருந்து உயிர்விட முடியவில்லையே என்று மனம் நொந்து துறவு பூண்டான். திருவொற்றியூர் மடத்து நிரஞ்சன குருவிடம் தீட்சை பெற்று, சதுரானன பண்டிதராகி, மடத்தின் தலைமையையும் ஏற்றான். பின்வந்த தலைவர்களும் அதே பெயரைத் தாங்கினார்கள். தாந்திரிக நெறியில் குரு பரம்பரை ரத்தவழி அல்ல, தீட்சைவழி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

தீட்சையில் குரு காதில் ஓதும் மந்திரம்தான் அச்சுப் புத்தகத்திலேயே கிடைக்கிறதே, குரு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தேவி வழிபாட்டு மரபான ஸ்ரீவித்யையின் பஞ்சதசி மந்திரம் வெறும் 15 எழுத்து. சௌந்தர்யலஹரியின் 32-ஆம் சுலோகம் அதைக் குறிப்பாகவே தருகிறது; சிவன் என்றால் ‘க’, பூமி என்றால் ‘ல’ என்று உரைகாரர்கள் விடுவிக்கிறார்கள். எழுத்தைக் கண்டுபிடித்தாலும், மந்திரத்தை உடலில் பதிக்கும் நியாசம், தியானம், உச்சரிப்பின் அளவு ஆகியவை நேரில்தான் கைமாறுகின்றன. காதில் ஓதப்படாத மந்திரத்துக்கு உயிரில்லை என்று மரபு சொல்வது அதனால்தான். இந்த மறைப்பு பலரை வாசலிலேயே நிறுத்தியது என்ற குறையை நான் மறுக்கமாட்டேன். ஆனால், வாள் பிடித்த வல்லபனுக்கு மடத்தின் கதவைத் திறந்ததும் அதே தீட்சைதான்.