ஆன்லைனில் மலிவு விலை வைரக் கல்: விலை எங்கே குறைந்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்

கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் நாகர்கோவில்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தை மாதம் கல்யாணம். மோதிரத்துக்கு ஒரு வைரக் கல் மட்டும் தனியாக வாங்கி, ஊரில் தெரிந்த ஆசாரியிடம் கொடுத்துப் பதித்துக்கொள்ளலாம் என்று யோசிக்கிறார். ராத்திரி ஷிஃப்ட் இடைவேளையில் மொபைலில் தேடுகிறார். இரண்டு கற்கள் வருகின்றன. ஒரே எடை, ஒரே நிறம், ஒரே வடிவம். ஆனால் ஒன்றின் விலை இன்னொன்றைப் போல பல மடங்கு.

"வைரம்னா கடையில நேர்ல பாத்துதான் வாங்கணும்" என்று அம்மா சொல்கிறார். "எல்லாம் ஃபிராடுடா" என்று பக்கத்து சீட் நண்பர் சொல்கிறார்.

இரண்டு விலையுமே நேர்மையான விலையாக இருக்கலாம். ஆன்லைனில் வைரம் மலிவாகக் கிடைப்பதற்கு நான்கு காரணங்கள் உண்டு. உங்கள் கல்லின் விலை அதில் எந்தக் காரணத்தால் குறைந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை முடிந்துவிடும்.

காரணம் 1: ஆய்வகத்தில் வளர்ந்த வைரம்

இதுதான் இன்று முக்கியக் காரணம். 'லேப் க்ரோன்' வைரம் போலி அல்ல. இயற்கை வைரம் போலவே இதுவும் கார்பன்தான். கடினம், ஜொலிப்பு, வேதியியல் எல்லாம் ஒன்றே. அதிக அழுத்தமும் வெப்பமும் கொடுத்து வளர்ப்பது ஹெச்பிஹெச்டி முறை. வாயுவிலிருந்து கார்பனைப் படலம் படலமாகப் படியவைப்பது சிவிடி முறை. பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் நடந்த வேலை இங்கே சில வாரங்களில் முடிகிறது.

வெறும் கண்ணாலோ நகைக்கடைக்காரரின் லென்ஸாலோ இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்கு ஆய்வகக் கருவி வேண்டும்.

இந்தியா இதை அரசுக் கொள்கையாகவே எடுத்திருக்கிறது. 2023-24 மத்திய பட்ஜெட்டில், லேப் வைரம் வளர்க்கத் தேவையான 'விதை'க் கற்களுக்கான 5% சுங்க வரி நீக்கப்பட்டது. சென்னை ஐஐடியில் இதற்கென ஒரு ஆராய்ச்சி மையம் அமைக்க ஐந்து ஆண்டுகளுக்குச் சுமார் 242 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. உலகின் பெரும்பாலான வைரங்களைப் பட்டை தீட்டும் சூரத், இப்போது லேப் வைரத்துக்கும் பெரிய மையம்.

ஆலையில் செய்யும் பொருள் என்பதால், உற்பத்தி கூடக் கூட விலை இறங்குகிறது. டி பியர்ஸ் நிறுவனம் 2018-இல் 'லைட்பாக்ஸ்' என்ற லேப் வைர பிராண்டைத் தொடங்கியபோது ஒரு கேரட்டுக்கு வைத்த விலை 800 டாலர். அதுவே அன்றைய சந்தையில் அதிரடித் தள்ளுபடி. பிறகு விலையை மேலும் குறைத்தார்கள். 2025-இல் அந்த பிராண்டையே மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள்.

நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. இன்று நீங்கள் கொடுக்கும் விலைக்கு அடுத்த வருஷம் இதைவிடப் பெரிய கல் கிடைக்கலாம்.

காரணம் 2: அது வைரமே இல்லை

'மாய்சனைட்' என்பது சிலிக்கன் கார்பைடு. 'அமெரிக்கன் டைமண்ட்' என்று நம் கடைகளில் சொல்வது பெரும்பாலும் கியூபிக் சிர்கோனியா. இரண்டும் அழகான கற்கள். அந்தப் பெயரிலேயே விற்றால் தப்பும் இல்லை. 'டைமண்ட்' என்று தலைப்பில் போட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் உண்மையைச் சொல்வதுதான் தப்பு.

ஒரு எச்சரிக்கை: வெப்பம் கடத்துவதை மட்டும் பார்க்கிற சாதாரண 'டைமண்ட் டெஸ்டர்' பேனா, மாய்சனைட்டையும் வைரம் என்றே காட்டும். லேப் வைரத்துக்கும் இயற்கை வைரத்துக்கும் அதில் வித்தியாசமே தெரியாது. ஆகவே "டெஸ்டர்ல பாஸ் ஆகும் சார்" என்று விற்பவர் சொன்னால், அது எதையும் நிரூபிக்கவில்லை.

காரணம் 3: இயற்கை வைரம்தான், ஆனால் வேலை செய்யப்பட்டது

விரிசலைக் கண்ணாடி போன்ற பொருளால் நிரப்பிய கற்கள், லேசரால் துளையிட்டுக் கறுப்புப் புள்ளியை நீக்கிய கற்கள், நிறத்தைச் செயற்கையாக மேம்படுத்திய கற்கள் எல்லாம் சந்தையில் உண்டு. நிரப்பிய கல்லில் ஆசாரியின் ஊதுகுழல் வெப்பம் பட்டால் நிரப்பியது கெட்டுப்போகலாம். கல்லைத் தனியாக வாங்கிப் பதிக்கப்போகிறவர் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். ரிப்போர்ட்டில் 'கமென்ட்ஸ்' என்ற பகுதியைப் படிக்காமல் விடாதீர்கள்.

காரணம் 4: கடைச் செலவு இல்லை

மெயின் ரோட்டில் வாடகை, ஷோரூம், இருப்பில் முடங்கிய பணம் எதுவும் இல்லாததால் வரும் குறைப்பு இது. பல தளங்கள் கல்லைக் கையில்கூட வைத்திருப்பதில்லை. மும்பையிலோ சூரத்திலோ உள்ள வியாபாரியின் பட்டியலைக் காட்டி, நீங்கள் ஆர்டர் போட்ட பிறகு வரவழைக்கிறார்கள். நான்கில் இதுதான் உங்களுக்கு முழு லாபம். ஆனால் மற்ற மூன்றும் தரும் அளவுக்குப் பெரிய குறைப்பை இது தராது. இயற்கை வைரம், நல்ல தரம், ஆனால் கடை விலையில் கால்வாசி என்று ஒரு தளம் சொன்னால், மற்ற மூன்றில் ஒன்று மறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

தனிக் கல் வாங்கும்போது கல்லைவிட முதலில் பார்க்க வேண்டியது அதன் ஆய்வக ரிப்போர்ட். ஜிஐஏ, ஐஜிஐ இரண்டும் பரவலாக ஏற்கப்படுபவை. விற்பவரே அச்சடித்த 'கியாரண்டி கார்டு' ரிப்போர்ட் ஆகாது.

- ரிப்போர்ட் எண்ணை விற்பவர் அனுப்பும் லிங்கில் அல்ல, ஆய்வகத்தின் தளத்துக்கு நீங்களே போய்ச் சரிபாருங்கள்.
- தலைப்பில் 'லேபரட்டரி க்ரோன்' என்று இருக்கிறதா பாருங்கள். ஐஜிஐ ரிப்போர்ட்டில் லேப் கல்லின் எண்ணுக்கு முன்னால் 'எல்ஜி' என்று வரும்.
- எடை, மில்லிமீட்டர் அளவு, நிறம், தெளிவு, கட் எல்லாம் விற்பனைப் பக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும்.
- 2025 அக்டோபர் முதல் ஜிஐஏ லேப் கற்களுக்குப் பழையபடி நிற, தெளிவு கிரேடு தருவதில்லை. 'பிரீமியம்', 'ஸ்டாண்டர்ட்' என்று இரண்டே வகை. எனவே இரண்டு ஆய்வகங்களின் லேப் ரிப்போர்ட்டை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

ரிப்போர்ட் அசலாக இருந்து கல் வேறாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. கல்லின் விளிம்பில் லேசரால் எண் பொறிப்பார்கள். இயற்கை வைரத்தின் எண்ணை லேப் கல்லில் பொறித்து அனுப்பிய சம்பவங்களை ஆய்வகங்களே கண்டுபிடித்துச் சொல்லியிருக்கின்றன. அப்போது காட்டிக்கொடுத்தது எடையிலும் அளவிலும் இருந்த சின்ன வித்தியாசம்தான். அதனால் எண்ணோடு நிறுத்தாமல், அளவையும் பொருத்திப் பார்க்க வேண்டும்.

நம் வீடுகளில் பழகிய 'ப்ளூ ஜாகர்' என்ற சொல்லையும் விளம்பரங்களில் பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது அது. அங்கே சுரங்க வேலை 1971-லேயே நின்றுவிட்டது. எந்த ஆய்வக ரிப்போர்ட்டிலும் 'ப்ளூ ஜாகர்' என்று ஒரு கிரேடு கிடையாது. அந்தப் பெயருக்காகக் கூடுதல் பணம் கேட்டால் காரணம் கேளுங்கள்.

எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது?

பட்ஜெட் குறைவு என்றால் எல்லாவற்றிலும் கொஞ்சம் குறைப்பதைவிட, கண்ணுக்குத் தெரியாததில் குறைப்பது நல்லது.

*எடை:* ஒரு கேரட் என்பது 0.2 கிராம், நம் பேச்சில் 100 சென்ட். முழு எண்ணைத் தொட்டதும் ஒரு கேரட்டுக்கான விலையே ஏறிவிடும். 90 சென்ட் வட்டக் கல் சுமார் 6.2 மி.மீ. விட்டம், 100 சென்ட் கல் சுமார் 6.4 மி.மீ. விரலில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பில்லில் தெரியும்.

*நிறம்:* அளவுகோல் 'டி'யில் தொடங்கி 'இசட்'டில் முடியும். மஞ்சள் தங்கத்தில் பதிக்கப்போகிறீர்கள் என்றால், நிறமே இல்லாத 'டி' கல்லுக்குப் பணம் கொட்டத் தேவையில்லை. தங்கத்தின் சாயலில் 'ஹெச்', 'ஐ' நிறங்கள் வெள்ளையாகவே தெரியும்.

*தெளிவு:* கிரேடு 10 மடங்கு பெரிதாக்கிப் பார்த்துத் தருவது. விஎஸ்2, சில சமயம் எஸ்ஐ1 கற்களில்கூட வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் எஸ்ஐ வாங்கும்போது வீடியோ கேட்டு, புள்ளி கல்லின் நடுவில் இருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

*கட்:* இதில் மட்டும் சமாதானம் வேண்டாம். கல் ஜொலிப்பது இதனால்தான். ஆழம் அதிகமாக வெட்டிய கல் எடையில் பெரிதாகவும் பார்வையில் சின்னதாகவும் இருக்கும். வட்டக் கல்லில் 'எக்ஸலன்ட்' கட் கேளுங்கள்.

இது சேமிப்பா, செலவா?

இங்கேதான் பல வீடுகளில் கணக்கு தப்புகிறது. நகை என்றாலே அவசரத்துக்கு உதவும் என்று நினைத்துப் பழகிவிட்டோம். தங்கத்துக்கு அது சரி. நகைக்கடன் கேட்டு வங்கிக்குப் போனால் கல் எடையைக் கழித்துவிட்டுத்தான் மதிப்பிடுவார்கள். தங்கத்தின் மதிப்பை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும், கற்களின் மதிப்பைச் சேர்க்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த இடத்தில் உங்கள் வைரத்தின் மதிப்பு பூஜ்யம்.

இயற்கை வைரத்தைத் திருப்பி விற்றாலும் வாங்கிய விலை கிடைப்பது அரிது. லேப் வைரத்தில் நிலைமை இன்னும் மோசம். புதுக் கல்லே நாளுக்கு நாள் மலிவாகும்போது பழைய கல்லை யார் வாங்குவார்கள்? விற்ற கடையே 'பைபேக்' தந்தால்தான் உண்டு. அதுவும் பணமாகவா, வேறு நகைக்கு மாற்றாகவா, எத்தனை சதவீதம் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும்.

அதனால் லேப் வைரத்தை ஃபோன் வாங்குவது போல நினைத்து வாங்குங்கள். பிடித்திருக்கிறது, பட்ஜெட்டில் இருக்கிறது, போட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான். 'இன்வெஸ்ட்மென்ட்' என்று சொல்லி யாராவது விற்றால், அந்த ஒரு வார்த்தைக்காகவே வேறு கடை பார்க்கலாம். இஎம்ஐ போட்டு வாங்கும் முன் இதை இரண்டு முறை யோசியுங்கள்.

பணம் கட்டும் முன், பார்சல் வந்த பின்

1. பில்லில் 'இயற்கை' அல்லது 'லேப் க்ரோன்', எடை, ரிப்போர்ட் எண் மூன்றும் இருக்க வேண்டும். பட்டை தீட்டிய இயற்கை வைரத் தனிக் கல்லுக்கு ஜிஎஸ்டி 1.5%, நகையாக வாங்கினால் 3%. "ஜிஎஸ்டி இல்லாம தரேன்" என்றால் நாளைக்குப் புகார் கொடுக்கக் கையில் காகிதம் இருக்காது.
2. திருப்பி அனுப்பும் காலம் எத்தனை நாள், பணம் திரும்ப வருமா அல்லது 'ஸ்டோர் கிரெடிட்' மட்டுமா, அனுப்பும்போது இன்சூரன்ஸ் யார் பொறுப்பு என்று கேளுங்கள்.
3. பார்சலைப் பிரிப்பதை இடைவெட்டு இல்லாமல் வீடியோ எடுங்கள்.
4. கல்லை ஆசாரியிடம் கொடுப்பதற்கு முன்பே, திருப்பி அனுப்பும் காலத்துக்குள், லென்ஸ் வைத்துப் பொறித்த எண்ணைப் பாருங்கள். பெரிய தொகை என்றால் சுயேச்சையான ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கலாம். பதித்த கல்லை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள்.
5. பதித்து வாங்கும்போதும் அதே எண்ணை மறுபடி பாருங்கள். தங்கத்தில் இருக்கும் ஹால்மார்க்கும் ஹெச்யுஐடி எண்ணும் தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே. கல்லைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ஏமாந்துவிட்டால்?

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020-இன்படி, சொன்னது ஒன்று வந்தது ஒன்று என்றால் விற்பவர் பொருளைத் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அங்கே வேலை நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். விற்றவர் சூரத்தில் இருக்கிறாரே, அங்கே போய் வழக்கு நடத்த முடியுமா என்ற கவலை வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். கழக்கூட்டத்தில் இருப்பவருக்கு அது திருவனந்தபுரம் மாவட்ட ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ஆன்லைனிலேயே பதியலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் பதிய வேண்டும்.

இன்ஸ்டாகிராமில் பார்த்து, வாட்ஸ்அப்பில் பேசி, யாரோ ஒருவரின் யுபிஐ எண்ணுக்குப் பணம் போட்டிருந்தால் இதெல்லாம் கஷ்டமாகிவிடும். விற்பவரின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் தெரியாமல் யார் மேல் புகார் கொடுப்பது?

அம்மா சொல்வதிலும் விஷயம் இருக்கிறது

அந்தக் காலத்தில் வைரத் தோடு வாங்கும்போது கல்லை உடனே எடுத்துவிட மாட்டார்கள். சில நாள் வீட்டில் வைத்துப் பார்த்து, "ஒத்துக்குதா" என்று தெரிந்த பிறகுதான் முடிவு செய்வார்கள். தோஷம் பார்ப்பதும் பார்க்காததும் அவரவர் விருப்பம். ஆனால் அந்தச் சில நாளில் வெயிலில் வைத்துப் பார்ப்பார்கள், விவரம் தெரிந்த நாலு பேரிடம் காட்டுவார்கள், வேண்டாமென்றால் திருப்பிக் கொடுப்பார்கள்.

ஆன்லைன் தளத்தின் ரிட்டர்ன் காலமும் அதே சில நாட்கள்தான். டெலிவரி வந்த கையோடு கல்லைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாமல், அந்த நாட்களுக்குள் எண்ணையும் அளவையும் சரிபார்த்து முடித்துவிடுங்கள்.