கறந்த பாலிலிருந்து எலும்புக்கு: குழந்தைகளின் மூட்டைத் தாக்கும் புரூசெல்லோசிஸ்

ஆடு, மாடு, எருமை, பன்றி முதலிய கால்நடைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் பாக்டீரியா நோய்களுள் புரூசெல்லோசிஸ் உலகெங்கும் பரவலாகக் காணப்படும் ஒன்றாகும். சினைக்காலத்தின் பிற்பகுதியில் கருச்சிதைவை உண்டாக்குவதால், தமிழ்நாட்டில் இது கன்று வீச்சு நோய் என்றும் அறியப்படுகிறது. மனித உடலில் இது நாள்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவில் பெருகும் வியர்வை, பசியின்மை, சோர்வு, உடல்வலி என்று தொடங்கிப் பல உறுப்புகளைத் தொடுகிறது. அவ்வாறு தொடப்படும் உறுப்புகளில் எலும்பும் மூட்டுமே முதன்மையானவை. காரணம் தெரியாமல் நொண்டத் தொடங்கும் குழந்தைக்கு இந்நோய் இருக்கக்கூடும் என்ற நினைவு, கால்நடைகளோடு வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அங்குள்ள ஒவ்வொரு மருத்துவருக்கும் இருந்தாக வேண்டும். ஏனெனில், உரிய காலத்தில் கண்டறிந்தால் முழுமையாகக் குணப்படுத்தக்கூடிய நோய் இது.

மால்டாவின் ஆடுகள்

இந்நோயின் காரணம் மத்தியதரைக் கடலிலுள்ள மால்டா தீவில் வெளிப்பட்டது. அங்கு முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் படைவீரர்களை வாட்டிய நீண்ட காய்ச்சலை ஆராய்ந்த ராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ், இறந்த வீரர்களின் மண்ணீரலிலிருந்து நோய்க்கிருமியைப் பிரித்தெடுத்து 1887-இல் அறிவித்தார். பிற்காலத்தில் அக்கிருமிக்கு அவர் பெயரே வழங்கலாயிற்று. ஆயினும் அது எங்கிருந்து வருகிறது என்பது மேலும் பல ஆண்டுகளுக்குத் தெரியவில்லை. 1905-இல் மால்டாவைச் சேர்ந்த மருத்துவர் தெமிஸ்டாக்ளிஸ் சம்மித், பார்வைக்கு நலமாகவே இருந்த வெள்ளாடுகளின் ரத்தத்தில் நோய்த்தொற்றின் அடையாளத்தைக் கண்டார். தெருத்தெருவாக ஓட்டிவரப்பட்டு வீட்டு வாசலிலேயே கறக்கப்பட்ட அந்த ஆடுகளின் பாலே நோயைச் சுமந்தது என்பது உறுதியானதும், 1906-இல் படைவீரர்களுக்கு ஆட்டுப்பால் வழங்குவது நிறுத்தப்பட்டது. அதன்பின் அவர்களிடையே நோய் வெகுவாகக் குறைந்தது. நோயுற்ற விலங்கு நோயுற்றதாகத் தோன்றவேண்டிய கட்டாயம் இல்லை என்பதே அந்த ஆய்வு விட்டுச்சென்ற பாடம்.

ஆடுகளிலும் செம்மறிகளிலும் வாழும் மெலிடென்சிஸ் என்ற வகையே மனிதரை மிகக் கடுமையாகத் தாக்குகிறது. மாடுகளிலும் எருமைகளிலும் பெரும்பாலும் காணப்படுவது அபார்ட்டஸ் என்ற வகை. காய்ச்சாத பால், அதிலிருந்து செய்யப்படும் பாலாடைக்கட்டி, வெண்ணெய் ஆகியவற்றின் வழியாகவும், ஈன்ற விலங்கின் நஞ்சுக்கொடி, கர்ப்பநீர், வீசப்பட்ட கன்று ஆகியவற்றைத் தொடும்போது தோலின் கீறல்கள் வழியாகவும், தொழுவத்துக் காற்றில் கலந்த நுண்துகள்களை மூச்சில் இழுப்பதாலும் கிருமி உட்புகுகிறது. குழந்தைகளைப் பொறுத்தவரை பாலே முதன்மையான வழி. கறந்த சூட்டோடு குடிக்கும் பச்சைப்பால் உடலுக்கு வலுவூட்டும் என்ற நம்பிக்கை பல ஊர்களில் நிலவுவதால், வீட்டில் மிகுந்த அன்போடு ஊட்டப்படும் உணவே நோயின் வாயிலாகிவிடுவதும் உண்டு.

மூட்டை அடையும் வழி

உடலுக்குள் நுழையும் கிருமிகளை விழுங்கி அழிப்பதற்கென்றே ரத்தத்திலும் திசுக்களிலும் சில வெள்ளணுக்கள் உள்ளன. புரூசெல்லாக் கிருமியின் தனித்திறன், அவ்வணுக்களால் விழுங்கப்பட்ட பிறகும் அவற்றின் உள்ளேயே சாகாமல் தங்கிப் பெருகுவதாகும். இவ்வாறு பாதுகாவலரின் உடலிலேயே ஒளிந்துகொண்டு கல்லீரல், மண்ணீரல், நிணநீர்க்கணுக்கள், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றை அது சென்றடைகிறது. எலும்பிலும் மூட்டுறையிலும் குடியேறிய கிருமிக்கு எதிராக உடல் சுரக்கும் அழற்சிப் பொருள்கள், எலும்பைக் கரைக்கும் அணுக்களைத் தூண்டுவதோடு எலும்பைக் கட்டும் அணுக்களின் வேலையையும் தடுக்கின்றன. ஆகவே கிருமியால் மட்டுமன்றி, அதை எதிர்க்கும் உடலின் செயலாலும் எலும்பும் குருத்தெலும்பும் அரிக்கப்படுகின்றன. சில நோயாளிகளின் மூட்டில் கிருமி நேரடியாகக் காணப்படுவதும், வேறு சிலரிடம் கிருமி அகப்படாமல் அழற்சி மட்டும் தென்படுவதும் இந்த இரட்டை இயல்பைக் காட்டுகின்றன.

எந்த எலும்பு பாதிக்கப்படும் என்பது பெரும்பாலும் வயதைப் பொறுத்தது. வயது முதிர்ந்தோரிடம் முள்ளெலும்புகள், குறிப்பாக இடுப்புக்கு மேலுள்ள கீழ்முதுகுப் பகுதி, அரிக்கப்படுவது மிகுதி. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலையின் சீற்றத்தில் புதையுண்ட ஹெர்குலேனியம் நகரத்து எலும்புக்கூடுகளில் காணப்பட்ட முள்ளெலும்பு அரிப்புகளும் இந்நோயால் நேர்ந்தவையாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதியுள்ளனர். இளைஞர்களிடமும் பதின்ம வயதினரிடமும் முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டில் அழற்சி தோன்றுகிறது. சிறு குழந்தைகளிடமோ உடல் எடையைத் தாங்கும் பெரிய மூட்டுகளான இடுப்பும் முழங்காலும் முதலில் பாதிக்கப்படுகின்றன; கணுக்கால் அவற்றுக்கு அடுத்தது. பெரும்பாலும் ஒரே ஒரு மூட்டு வீங்கி வலிக்கும். இடுப்பு மூட்டின் வீக்கம் வெளியே தெரியாது என்பதால், குழந்தை நடக்க மறுப்பதும், நொண்டுவதும், தொடையிலோ முழங்காலிலோ வலி என்று சொல்வதும் மட்டுமே அடையாளங்களாக அமைகின்றன.

மறைந்து நிற்கும் நோய்

காய்ச்சலும் மூட்டுவலியும் சேர்ந்து வரும்போது சீழ்பிடித்த மூட்டழற்சி, காசநோய், தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், இளம்பருவ மூட்டுவாதம், ரத்தப் புற்றுநோய் ஆகியவற்றை மருத்துவர் எண்ணிப் பார்ப்பது இயல்பு. சீழ்பிடித்த மூட்டழற்சியில் குழந்தை சில மணி நேரத்தில் கடும் நோய்வாய்ப்படுவதும் வெள்ளணுக்கள் பெருகுவதும் வழக்கம். புரூசெல்லோசிஸிலோ நோய் மெல்ல வளர்வதோடு, வெள்ளணு எண்ணிக்கை பெரும்பாலும் இயல்பாகவோ குறைவாகவோ இருக்கிறது. தொடக்க வாரங்களில் எக்ஸ்ரே படத்திலும் மாற்றம் தெரிவதில்லை. காசநோய் மிகுந்த இந்தியா போன்ற நாட்டில் வேறொரு சிக்கலும் உண்டு: காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின் புரூசெல்லாவையும் ஓரளவு அடக்குவதால், தவறாகக் கணிக்கப்பட்ட குழந்தை சிறிது தேறியதுபோலத் தோன்றி, உண்மை நோய் மேலும் மறைந்துகொள்ளக்கூடும்.

இத்தனை குழப்பத்தையும் தீர்க்கும் முதற்கருவி, குழந்தை காய்ச்சாத பால் குடித்ததா, வீட்டிலோ அருகிலோ ஆடுமாடு உண்டா, அண்மையில் ஏதேனும் கன்று வீசியதா, குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இத்தகைய காய்ச்சல் உண்டா என்ற கேள்விகளே. ஐயம் எழுந்தபின் ரோஸ் பெங்கால் என்ற எளிய ரத்தப் பரிசோதனை சில நிமிடங்களில் வழிகாட்டும். அடுத்து, ரத்தநீரைப் படிப்படியாக நீர்க்கச்செய்து, எந்த அளவு வரை அது கிருமிகளைத் திரளச் செய்கிறது என்று பார்க்கும் திரட்சிப் பரிசோதனை நோயை உறுதிசெய்ய உதவும். ரத்தத்திலிருந்தோ மஜ்ஜையிலிருந்தோ கிருமியை வளர்த்துக் காண்பதே மிக உறுதியான சான்று. ஆனால் அது மெல்ல வளர்வதாலும், ஆய்வகப் பணியாளருக்கே தொற்றக்கூடியதாலும், மருத்துவர் தம் ஐயத்தை ஆய்வகத்துக்கு முன்கூட்டியே சொல்வது இன்றியமையாதது. முள்ளெலும்பிலும் இடுப்பிலும் தொடக்க நிலை மாற்றங்களை எம்.ஆர்.ஐ. படமே தெளிவாகக் காட்டும்.

அணுக்களின் உள்ளே ஒளிந்திருக்கும் கிருமியை ஒற்றை மருந்தால் வேரறுக்க இயலாது என்பதால், இரண்டு அல்லது மூன்று மருந்துகளைச் சேர்த்துக் குறைந்தது 6 வாரங்களுக்குத் தருவது முறை. 8 வயதுக்கு மேற்பட்டோருக்கு டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும், பல்லில் நிறம் படியக்கூடும் என்பதால் அதற்குக் குறைந்த வயதினருக்கு டாக்ஸிசைக்ளினுக்கு மாற்றாக கோட்ரைமாக்சசோலும் பயன்படுகின்றன. எலும்பும் மூட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் தொடக்க நாள்களில் ஜென்டாமைசின் ஊசி சேர்க்கப்படுவதுண்டு. முள்ளெலும்பில் நோய் இருந்தால் சிகிச்சை 3 மாதமோ அதற்கு மேலோ நீளும். மருந்து தொடங்கிய சில நாள்களிலேயே காய்ச்சல் தணிந்து குழந்தை ஓடியாடத் தொடங்குவதால் பெற்றோர் மருந்தை நிறுத்திவிடுவதே நோய் மீண்டும் தலைதூக்குவதற்கு முக்கியக் காரணம். முழுக்காலமும் மருந்து உண்ட குழந்தைகளில் மிகப்பெரும்பாலோர் மூட்டில் குறை ஏதுமின்றி மீள்கின்றனர். காலம் தாழ்ந்தால், குறிப்பாக இடுப்பு மூட்டில், நிலையான சேதம் நேரக்கூடும்.

தொழுவத்தில் தொடங்கும் தடுப்பு

மனிதருக்கு இந்நோய்க்கான தடுப்பூசி வழக்கில் இல்லை. பாலைப் பொங்கக் காய்ச்சினால் கிருமி இறந்துவிடும். பாஸ்டர் முறையில் 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடமோ 72 டிகிரியில் 15 விநாடியோ சூடாக்கினாலும் போதும். பாலைக் காய்ச்சியே அருந்தும் தமிழ் வீடுகளின் பழக்கம் பெரிய அரண். தயிருக்கும் மோருக்கும் எடுக்கும் பாலையும், மருந்தென்று கருதிக் குழந்தைக்குத் தரும் ஆட்டுப்பாலையும் அந்த அரணுக்குள் கொண்டுவர வேண்டும். ஈற்றின்போது குழந்தைகளைத் தொழுவத்திலிருந்து விலக்கி வைப்பதும், நஞ்சுக்கொடியையும் வீசப்பட்ட கன்றையும் கையுறை அணிந்து எடுத்து ஆழப் புதைப்பதும், கன்று வீசிய செய்தியைக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிப்பதும் அவ்வளவே முக்கியம்.

நோயின் ஊற்றை அடைக்கும் வழி விலங்குகளுக்கான தடுப்பூசியே. 2019-இல் தொடங்கப்பட்ட இந்திய அரசின் தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம், 4 முதல் 8 மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு இத்தடுப்பூசியை இடுகிறது; ஆடுகளுக்கென ரெவ்-1 என்ற தடுப்பூசி பல நாடுகளில் பயன்படுகிறது. கன்றுக்கு இடப்படும் அந்த ஊசி அதன் உரிமையாளரின் வருமானத்தைக் காப்பதோடு, அந்த வீட்டுக் குழந்தையின் இடுப்பையும் முழங்காலையும் காக்கிறது என்பதை ஊர்தோறும் எடுத்துச்சொல்ல வேண்டிய கடமை கால்நடை மருத்துவருக்கும் குழந்தை மருத்துவருக்கும் பொதுவானது. கன்று வீசிய வீட்டின் செய்தி ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சென்று சேரும் ஊரில், அந்தக் குழந்தையின் நொண்டலுக்குக் காரணம் தேடி மாதங்களைக் கழிக்க நேராது.