பயப்படுவதற்குக் காசு கொடுப்பது ஏன்?

1962-ல் "பீஸ் சால் பாத்" என்ற இந்திப் படம் வெளியானது. பழைய மாளிகை, பழி வாங்க அலைவதாகச் சொல்லப்படும் பெண் ஆவி, இருட்டில் எங்கிருந்தோ கேட்கும் லதா மங்கேஷ்கரின் குரல். ஊரிலிருந்து அப்போதுதான் வந்து தாராவியில் ஒண்டிக்கொண்ட தமிழருக்கு இந்தியில் நாலு வார்த்தை கூடத் தெரிந்திருக்காது. ஆனால் இந்த மாதிரிப் படத்தில் எந்த இடத்தில் நெஞ்சு படபடக்க வேண்டுமோ, அந்த இடத்தில் அவருக்கும் படபடத்துவிடும். நகைச்சுவைக்கு மொழி தெரிய வேண்டும். பயத்துக்கு அது தேவையில்லை.

இதனால்தானோ என்னவோ, திகில் கதைகள் பம்பாய்க்கும் சென்னைக்கும் இடையே சுலபமாகப் போய் வந்தன. ராஜ் கோஸ்லாவின் "வோ கௌன் தீ" 1964-ல் வந்தது. மழை இரவில் வெள்ளைப் புடவையில் நடுரோட்டில் நிற்கும் பெண், இரண்டே ஆண்டுகளில் "யார் நீ" படத்தில் ஜெயலலிதாவாக வந்து ஜெய்சங்கரைக் கலங்க வைத்தாள். எதிர்த்திசையிலும் ஒரு பயணம் உண்டு. பாரதிராஜா 1978-ல் எடுத்த "சிகப்பு ரோஜாக்கள்", 1980-ல் ராஜேஷ் கன்னா நடிக்க "ரெட் ரோஸ்" என்று இந்தியில் வந்தது. அதையும் பாரதிராஜாவே இயக்கினார்.

மேஜைக்கு அடியில் குண்டு

பிடித்து உலுக்கும் கதைக்கும் கொட்டாவி விடவைக்கும் கதைக்கும் என்ன வித்தியாசம்? ஆங்கிலப் பட உலகின் திகில் மன்னர் ஆல்பிரட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் திரூபோவுக்கு 1962-ல் அளித்த பேட்டியில் இதற்கு ஓர் உதாரணம் சொன்னார். இருவர் மேஜையில் உட்கார்ந்து வெட்டிப் பேச்சுப் பேசுகிறார்கள். திடீரென்று குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்கு 15 நொடி அதிர்ச்சி, அவ்வளவுதான். அதே குண்டு மேஜைக்கு அடியில் இருப்பதையும், அது எத்தனை மணிக்கு வெடிக்கும் என்பதையும் முதலிலேயே காட்டிவிட்டால்? அதே வெட்டிப் பேச்சை 15 நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்போம். "பேசியது போதும், எழுந்து ஓடுங்களேன்" என்று மனசு கத்தும்.

"சிகப்பு ரோஜாக்கள்" பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கமலஹாசன் கொலைகாரன் என்பது நமக்குத் தெரியும். அவனைக் கைப்பிடித்து அந்தப் பெரிய வீட்டுக்குள் காலடி வைக்கும் ஸ்ரீதேவிக்குத் தெரியாது. அவள் ஒவ்வொரு கதவாகத் திறக்கும்போது பயப்படுகிறவர்கள் நாம்தான்.

ரத்தத்தைக் கொட்டிக் காட்டினால் பயம் வந்துவிடும் என்று நினைக்கும் தயாரிப்பாளர்களுக்கு 1960-ல் வந்த "சைக்கோ" ஒரு பாடம். குளியலறைக் கொலை முக்கால் நிமிடம் கூட இல்லை. படம் கறுப்பு வெள்ளை. ரத்தமாக ஓடியது சாக்லேட் பாகு. கத்தி இறங்குவதைப் பார்த்ததாகப் பலர் சத்தியம் செய்வார்கள்; அவர்கள் பார்த்தது துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய காட்சிகளை, கேட்டது வயலின்களின் கீச்சொலியை. மீதியை அவரவர் மனசே வரைந்துகொண்டது.

நிஜ பயம்

பம்பாய்க்காரர்களுக்கு நிஜ பயமும் தெரியும். 1968-ல் வடக்குப் புறநகர்களில், குடிசைகளிலும் நடைபாதையிலும் தூங்கிய ஏழைகள் இரவில் மண்டை உடைத்துக் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்டில் ராமன் ராகவ் பிடிபடும்வரை அந்தப் பக்கத்தில் நிம்மதியாகக் கண்ணயர்ந்தவர்கள் குறைவு. மனநோயாளி என்று மருத்துவர்கள் சொன்னதால் அவனது தூக்கு தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 1995-ல் புனேயில் இறந்தான். அவன் பெயரையே தலைப்பில் வைத்து 2016-ல் அனுராக் காஷ்யப் படம் எடுத்தார். டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த பயம் கிடையாது என்ற உத்தரவாதம் இருந்தது. தாழ்ப்பாள் இல்லாத குடிசையில் படுத்தவனுக்கு அது இல்லை. பயத்தை ரசிக்க முதலில் பத்திரமான ஓர் இடம் வேண்டும்.

புத்தகத்தில் வயலின் கிடையாது. அங்கே எழுத்தாளரின் ஆயுதம் அத்தியாயத்தை எங்கே வெட்டுவது என்பதுதான். கோவையைச் சேர்ந்த ராஜேஷ்குமார் இதில் கெட்டிக்காரர். இரண்டு கதைகளை மாற்றி மாற்றி ஓட்டுவார். ஒன்றில் கதவு தட்டப்படும். திறப்பதற்குள் அத்தியாயம் முடிந்துவிடும். அடுத்ததில் வேறு ஊர், வேறு ஆட்கள். கதவைத் திறந்தது யார் என்று தெரிந்துகொள்ள அதையும் படித்தாக வேண்டும். தாதரில் ரயில் ஏறும்போது இப்படி ஒரு மாத நாவலைக் கையில் எடுத்தவர், ஜன்னலுக்கு வெளியே எந்த ஸ்டேஷன் போனது என்று கவனித்திருக்க மாட்டார்.

இந்திரா சௌந்தர்ராஜனின் வழி வேறு. 1997-ல் சன் டி.வி.யில் நாகா இயக்கத்தில் வந்த அவரது "விடாது கருப்பு", புதுப் பேய் எதையும் கண்டுபிடிக்கவில்லை. சின்ன வயதில் பாட்டி சொல்லி பயமுறுத்திய அதே கருப்பசாமி, அதே குதிரை. தப்பு செய்தவனைத் தண்டிப்பது சாமியா, ஆசாமியா என்ற ஒரு கேள்வியை மட்டும் சேர்த்தார். ஊரை விட்டு வந்து ஆண்டுக்கணக்கான செம்பூர் குமாஸ்தாவுக்கும் ஊர் எல்லை இருட்டு ஞாபகத்துக்கு வந்துவிடுமே!

மர்மக் கதைக்கு ஒரே எதிரி, முடிவை முன்னாலேயே சொல்லிவிடும் ஆள்தான். 1954-ல் எஸ்.பாலசந்தர் பாட்டே இல்லாமல் எடுத்த "அந்த நாள்" படத்தில், ஆரம்பத்திலேயே சிவாஜி சுடப்பட்டு விழுவார். சுட்டது யார் என்பதுதான் முழுப் படமும். "சைக்கோ" வெளியானபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்களுக்குக் கண்டிப்பான உத்தரவு போட்டார் ஹிட்ச்காக். தாமதமாக வருகிறவரைத் தடுத்துவிடலாம். இடைவேளையில் டீயை உறிஞ்சிக்கொண்டே, "கடைசியில் யார் தெரியுமா?" என்று ஆரம்பிக்கும் பக்கத்து சீட்டுக்காரரைத் தடுக்க ஹிட்ச்காக்கிடமும் வழி இல்லை.