ஆரல் கடல் வற்றியதும் பாசனக்காரர் அறியவேண்டியதும்

ஆற்று ஜலம் ஒரு துளியும் கடலிற் சேராது வயலிலேயே பாய்ந்துவிடுமாயின் அது முழு லாபம் என்று விவசாயிகளிற் பலர் எண்ணுவதுண்டு. கடைமடைக்காரர் மாத்திரம் இக்கணக்கை ஒப்புக்கொள்வதில்லை. நிலம், நீர், காற்று, உயிர் என்னும் நான்கும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. ஒன்றில் மனிதன் செய்யும் மாறுதல் மற்ற மூன்றையும் சென்று தாக்கும். மத்திய ஆசியாவிலுள்ள ஆரல் கடலின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

கடலின் வரவு செலவு

கஸாக்ஸ்தானுக்கும் உஸ்பெக்கிஸ்தானுக்கும் இடையே உள்ள ஆரல், பெயரளவிற் கடலாயினும் உண்மையில் ஓர் உப்பேரியே. 1960-ஆம் ஆண்டில் அதன் பரப்பு சுமார் 68,000 சதுர கிலோமீட்டர். உலகத்து ஏரிகளில் அது நான்காவதாக எண்ணப்பட்டது. பாமீர், தியான்ஷான் மலைகளின் பனி உருகி வரும் ஆமு தாரியா, சிர் தாரியா என்னும் இரு நதிகளே அதற்கு ஆதாரம். வெளியே செல்லும் போக்குக்கால் ஒன்றும் கிடையாது. நதிகள் கொண்டுவருவது வரவு. ஆண்டுதோறும் ஏறக்குறைய 1 மீட்டர் ஆழம் வெயிலில் ஆவியாவது செலவு. இவ்விரண்டும் சமமாயிருந்தவரையில் நீர்மட்டம் நிலையாக நின்றது.

பருத்தி பெருகியது

சோவியத் சர்க்கார் பருத்திச் சாகுபடியைப் பெருக்கக் கருதி அந்நதிகளின் ஜலத்தை வாய்க்கால்களிற் திருப்பிற்று. 1954-இல் தொடங்கப்பெற்ற காராகும் கால்வாய் பாலைவனத்து மணலினூடே வெட்டப்பட்டது. அடியிலும் கரையிலும் தளம் போடப்படாமையால் ஜலத்தில் ஒரு பெரும் பகுதி மணலிற் கசிந்து போயிற்று. 1960-இல் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் ஏக்கராயிருந்த பாசனப் பரப்பு, 1980-இல் ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் ஏக்கராயிற்று. கடல் சுருங்கும் என்பதைத் திட்டம் வகுத்தோர் அறியாமலில்லை. மீனால் வரும் வருமானத்தைக் காட்டிலும் பருத்தியால் வருவது அதிகம் என்பதே அவர்கள் போட்ட கணக்கு. அக்கணக்கில் காற்றையும் மண்ணையும் சேர்க்க மறந்தனர்.

விளைந்த தீமைகள்

1980-களில் சில ஆண்டுகளில் நதி ஜலம் கடலை ஏறக்குறைய எட்டவேயில்லை. அப்பத்தாண்டின் இறுதியில் கடல் வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிந்தது. லிட்டருக்கு 10 கிராம் அளவிலிருந்த உப்பு, பின்னர்த் தென்பகுதியில் 100 கிராமுக்கும் மேற்பட்டது. ஆண்டுக்கு 40,000 டன் அளவில் மீன் பிடித்துவந்த தொழில் 1980-களின் தொடக்கத்தில் அழிந்தது. முய்னாக் துறைமுகத்தில் மீன்படகுகள் மணல்மீது துருப்பிடித்துக் கிடந்தன.

வெளிப்பட்ட கடற்றரையின் உப்பையும், வயல்களிலிருந்து வடிந்து படிந்த பூச்சிமருந்துகளையும் காற்று வாரிச்சென்று பயிர்மீதும் குடியிருப்புகள்மீதும் தூவிற்று. ஜலப்பரப்பு குறைந்தமையால் அக்கரைகளிற் கோடை மேலும் வெப்பமாயிற்று, குளிர்காலமோ கடுமையாயிற்று. உறைபனியில்லாத நாட்கள் குறையவே, ஆமு தாரியாவின் முகத்துவாரத்தில் பலர் பருத்தியை விட்டு நெல்லுக்கு மாறினர். எந்தப் பயிருக்காகக் கடல் பலியிடப்பட்டதோ, அப்பயிருக்கே அங்கு இடமில்லாமற் போனமை கவனிக்கத்தக்கது.

வடிகாலின்றிப் பாய்ச்சிய நிலங்களில் நிலத்தடி நீர் மேலெழும்பி, உப்பு மேற்புறத்திற் பூத்தது. அதைக் கழுவ மேலும் ஜலம் வேண்டியதாயிற்று. அந்த ஜலமும் நதிகளிலிருந்தே எடுக்கப்பட்டது.

ஓரளவு மீட்சி

வடகடலின் ஜலம் தெற்கே ஓடி வீணாகாதபடி கஸாக்ஸ்தானில் 13 கிலோமீட்டர் நீளமுள்ள கோகாரல் அணை 2005-இல் கட்டி முடிக்கப்பட்டது. சில மாதங்களிலேயே நீர்மட்டம் உயர்ந்தது; உப்பு குறைந்து மீன்களும் திரும்பின. தென்பகுதிக்கோ இந்நற்பேறு வாய்க்கவில்லை. அதன் கிழக்குப் பிரிவு 2014-இல் முற்றும் வறண்டது. உலர்ந்த தரையில் மணலைப் பிடித்து நிறுத்துதற்பொருட்டுச் சாக்ஸால் என்னும் பாலைவனச் செடியை நட்டுவருகின்றனர்.

நாம் செய்யத்தக்கவை

நமது ஆறுகளும் ஏரிகளும் அளவில் வேறுபட்டவையாயினும் விதி ஒன்றே. ஆதலின் பாசனமுள்ள விவசாயிகள் பின்வருவனவற்றை மனத்திற் கொள்ளவேண்டும்.

1. வாய்க்கால் எவ்வளவு அவசியமோ, வடிகாலும் அவ்வளவு அவசியம். வடிகாலைத் தூர்த்து வரப்பை விரிப்பவர் தம் நிலத்திற்கே களரை வரவழைக்கிறார்.

2. வயலின் மேற்புறத்தில் வெண்மையாக உப்புப் பூத்தாலும், பயிர் திட்டுத்திட்டாகக் கருகினாலும் உடனே மண்ணையும் கிணற்று ஜலத்தையும் பரிசோதிக்க அனுப்பவேண்டும். காரணம் அறியாமல் மேலும் மேலும் ஜலம் பாய்ச்சுதல் கூடாது.

3. வாய்க்காலிற் கசிந்து போகும் ஜலத்தைத் தடுப்பது, புதிதாக ஜலம் தேடுவதைக் காட்டிலும் செலவு குறைந்தது.

4. கடலோரக் கிராமங்களில் ஆற்றின் நன்னீர் முகத்துவாரம் வரையிற் செல்வது வீணன்று. உவர்நீர் உள்ளே ஏறாமல் தடுப்பதும் அதுவே.

கிராம அதிகாரிகள் ஆண்டுதோறும் பாசனம் தொடங்குமுன் வடிகால்களையும் ஏரியின் கலிங்கல்களையும் நேரிற் பார்வையிட்டு, ஆக்கிரமிப்பு இருப்பின் காலதாமதமின்றி மேலதிகாரிகளுக்குத் தெரிவிப்பாராயின் பெரு நன்மை உண்டாகும். ஆரல் கடல் ஒரு தலைமுறைக் காலத்திற்குள் சீர்கெட்டது. அதன் ஒரு சிறு பகுதியை மீட்பதற்கே பெரும்பொருளும் பல ஆண்டுகளும் தேவைப்பட்டன. ஒரு வடிகாலைத் தூர்வாரவோ சில நாட்களே போதும்.