லிமி என்றால் தெற்கத்தி, டிமி என்றால் அரசாங்கம்

மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ வளர்ந்த தமிழருக்கு நாலு மலாய்ச் சொல்லாவது தெரியாமல் இருக்காது. ஐந்துக்கு 'லீமா', வெள்ளைக்கு 'பூத்தே', வானத்துக்கு 'லாஙிட்', கைக்கு 'தாஙான்'. இந்த நான்கை மட்டும் வைத்துக்கொண்டு இந்தியப் பெருங்கடலைக் குறுக்கே கடந்து, ஆப்பிரிக்கக் கரையோரம் கிடக்கும் மடகாஸ்கர் தீவில் இறங்கிப் பார்க்கலாம். தெற்குக் கோடியில் ஐந்தை 'லிமி' என்பார்கள், வெள்ளையை 'ஃபூட்டி' என்பார்கள். வடக்கே போனால் வானம் 'லஙிட்ரி', கை 'தஙன'. கேட்ட மாத்திரத்தில் உறவு தெரிந்துவிடும். தலைநகரில் ஒரு பள்ளிப் பாடநூலைப் புரட்டினாலோ ஐந்து 'டிமி', வெள்ளை 'ஃபூத்ஸி', வானம் 'லனிட்ர', கை 'தனன'. உறவு கொஞ்சம் மங்கிப்போகிறது.

அந்தப் பாடநூல் மொழிதான் நாட்டின் அதிகாரபூர்வ மலகாசி. தீவின் நடு மேட்டுநிலத்தில் வாழும் மெரின மக்களின் பேச்சுதான் அதற்கு அடிப்படை. (சென்னைக் கடற்கரையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கடைசி உயிரொலி காதில் விழாத அளவுக்கு மெலிந்து, உள்ளூரில் 'மெர்ன்' என்றே ஒலிக்கும்.) பொதுமொழி ஆகிவிட்டதாலேயே அது பழையது, தூயது, மற்றவையெல்லாம் அதிலிருந்து சிதைந்தவை என்று நினைத்துவிடுவது எளிது. மேலே உள்ள நான்கு சொற்களைப் பார்த்தாலே அந்த எண்ணம் நிற்காது. 'இ' என்ற ஒலிக்கு முன்னால் வந்த 'ல'வை 'ட' ஆக்கியதும், 'ட்டி'யை 'த்ஸி' ஆக்கியதும், 'ங'வைத் தொலைத்து 'ன'வோடு சேர்த்துவிட்டதும் மெரின வழக்குதான். இந்தச் சொற்களில் பழசைக் காப்பாற்றியவர்கள் 'வட்டாரப் பேச்சு' பேசுகிறவர்கள்.

மலாயோடு இந்த உறவு எப்படி வந்தது? மலகாசி ஆப்பிரிக்க மொழி அல்ல. அதன் மிக நெருங்கிய உறவு போர்னியோ தீவின் தென்பகுதியில், பாரித்தோ ஆற்றங்கரையில் பேசப்படும் மஅன்யான் மொழி. நார்வேயைச் சேர்ந்த மொழியியலாளர் ஒட்டோ கிறிஸ்தியன் டால் 1951-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக நிறுவினார். கடலோடிகள் கிளம்புவதற்கு முன்போ வழியிலோ மலாய், ஜாவானிய மொழிகள் வழியாகச் சில சமஸ்கிருதச் சொற்களும் ஒட்டிக்கொண்டன. சில வட்டார வழக்குகளில் மாதப் பெயர்களில் இன்றும் அவை தெரியும்: 'அசூட்ரி' என்பது ஆஷாடம், 'மக' என்பது மாகம். நம் ஆடியும் மாசியும் பிறந்த அதே வேர்கள். மேட்டுநில மெரின மக்களோ பழைய மாதங்களுக்கு அரபு ராசிப் பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். மேஷத்துக்கான அரபுச் சொல்தான் அவர்களுடைய 'அலஹமாடி' மாதம். எந்தக் கடலோடி எந்தக் கரையில் ஒதுங்கினார் என்பதைப் பொறுத்து ஒரே தீவுக்குள் நாட்காட்டியே மாறியிருக்கிறது.

மொழியின் எலும்புக்கூடு மட்டும் எங்கும் ஒன்றுதான். வினை முதலில் வரும், எழுவாய் கடைசியில் வரும். 'மாணவன் புத்தகம் வாசிக்கிறான்' என்பதை 'வாசிக்கிறான் புத்தகம் மாணவன்' என்ற வரிசையில் சொல்வார்கள். தமிழ் வாக்கியத்தைக் கண்ணாடியில் பார்த்தது போல இருக்கும். வேறுபாடெல்லாம் ஒலியிலும் சொல்லிலும்தான். நாய்க்கு மெரின 'அலிக' என்றால் கடற்கரை வழக்குகளில் 'அம்பூவ'. இது எதிர்க்கரை பாந்து மொழிகளிலிருந்து வந்தது, சுவாஹிலியில் 'ம்ப்வா'. வணக்கம் சொல்வதிலும் ஊர் தெரிந்துவிடும். தலைநகரில் 'மனௌ ஹோன', வடக்கே 'ம்பூல த்சார'. அக்கம்பக்கத்து வழக்குகள் ஒன்றுக்கொன்று சிரமமில்லாமல் புரியும். தெற்குக் கோடி அந்தந்த்ரூய் ஊர்க்காரர் தன் வீட்டுப் பேச்சில் வேகமாகப் பேசினால் தலைநகரவாசி திணறுவார். அதனால்தான் மொழிகளுக்குக் குறியீடு வழங்கும் சர்வதேசப் பட்டியல் மலகாசியை ஒரு பெருமொழி என்று வைத்து, அதன் கீழ் பத்துக்கும் மேற்பட்ட மொழிகளைத் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. மடகாஸ்கரில் அப்படி எண்ணுவதைப் பலர் ரசிப்பதில்லை. ஒரு தீவு, ஒரு மொழி என்பது அங்கே அரசியல் பெருமை.

இத்தனை வழக்குகளில் மெரின முன்னுக்கு வந்த காரணம் மொழிக்கு வெளியே இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட்ரியனம்புய்னிமெரின என்ற அரசர், சிதறிக் கிடந்த மேட்டுநிலக் குறுநாடுகளை ஒன்றாக்கி இமெரின அரசைக் கட்டினார். என் வயலுக்குக் கடல்தான் வரப்பு என்ற பொருளில் அவர் சொன்னதாக ஒரு வாக்கு இன்றும் அங்கே புழங்குகிறது. 1810-இல் பட்டத்துக்கு வந்த மகன் முதலாம் ரடாமா அதைச் செய்து காட்டப் புறப்பட்டார். மொரீஷியஸ் ஆங்கிலேய ஆளுநர் ராபர்ட் ஃபார்குவருடன் 1817-இல் ஒப்பந்தம் செய்தார். அடிமை ஏற்றுமதியை நிறுத்துவதற்குப் பதிலாகத் துப்பாக்கியும் படைப்பயிற்சியும் ஆசிரியர்களும் வந்தார்கள். மொழிக்கு நேர்ந்தது என்ன என்று பார்த்தால், துப்பாக்கியைவிட அந்த ஆசிரியர்கள் செய்ததுதான் நீடித்தது.

லண்டன் மிஷன் சங்கம் அனுப்பிய டேவிட் ஜோன்ஸும் தாமஸ் பெவனும் வேல்ஸ் நாட்டவர்கள். 1818-இல் கிழக்குக் கடற்கரையில் தோமாசினாவில் இறங்கினார்கள். காய்ச்சல் பெவனையும் இருவரின் குடும்பங்களையும் கொண்டுபோனது. தனியாக எஞ்சிய ஜோன்ஸ் மேடேறி, 1820-இல் தலைநகர் அண்டனானரீவோவில் அரச ஆதரவோடு பள்ளி தொடங்கினார். கடற்கரையில் மலேரியா; 1,200 மீட்டருக்கு மேலே மலையில் அது குறைவு. கொசு வேறு மாதிரி நடந்துகொண்டிருந்தால் கடற்கரை வழக்கொன்று முதலில் அச்சேறியிருக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். ஆனால் அரசரும் மலையில்தான் இருந்தார் என்பதை மறந்துவிட்டுச் செய்கிற கற்பனை அது.

மலகாசிக்கு அதற்கு முன்னே எழுத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தென்கிழக்குக் கடற்கரையில் அந்தைமூரு மக்கள் அரபு எழுத்தில் மலகாசியை எழுதி வந்தார்கள். அதற்கு 'சுரபே', பெரிய எழுத்து, என்று பெயர். அந்த எழுத்தர்கள் அண்டனானரீவோ அரண்மனை வரைக்கும் வரவழைக்கப்பட்டிருந்தார்கள். ரடாமா முன்னால் இரண்டு பாதைகள் இருந்தன. 1823-இல் அவர் ரோமன் எழுத்தைத் தேர்ந்தார். அதற்குள் ஒரு சின்னச் சண்டை. மிஷனரிகள் ஆங்கில முறை கேட்டார்கள். அரசவையில் ராபின் என்ற பிரெஞ்சுக்காரரும் இருந்தார். அரசர் தீர்ப்பு: மெய்யெழுத்துகள் ஆங்கிலம் போல, உயிரெழுத்துகள் பிரெஞ்சு போல. 'உ' ஒலிக்கு மட்டும் 'ஓ' எழுத்து என்று முடிவானது. அதனால்தான் நாம் அண்டனானரீவோ என்று வாசிக்கும் ஊரின் பெயர் அங்கே 'ரீவு' என்று முடிகிறது. மொத்தம் 21 எழுத்துகள். மெரின வாய்க்கு எது தேவையோ அது இருந்தது, தேவையில்லாதது இல்லை. 'ங' இல்லை.

பிறகு அச்சு. 1826-இல் இயந்திரம் வந்தது. அதை இயக்க வந்த அச்சாளர் சில வாரங்களில் இறந்துபோனார். இருந்தும் 1830-இல் புதிய ஏற்பாடும், 1835-இல் முழு விவிலியமும் தலைநகரிலேயே அச்சாகின. அதே 1835-இல் ஆங்கிலம்-மலகாசி, மலகாசி-ஆங்கிலம் அகராதிகளும் வெளிவந்தன. அதே ஆண்டில்தான் அரசி முதலாம் ரனவலோனா கிறித்தவத்தைத் தடைசெய்தார். மிஷனரிகள் வெளியேறினார்கள், விவிலியங்கள் ஒளித்துவைக்கப்பட்டன, மதம் மாறியவர்கள் கொல்லப்பட்டார்கள். எழுத்தை மட்டும் அரசி விரட்டவில்லை. கடற்கரைக் கோட்டைகளில் இருந்த அதிகாரிகளுக்கு ஆணை அனுப்ப, வரிக்கணக்கு எழுத அது வேண்டியிருந்தது. மிஷனரிகள் வேதத்துக்காகச் செய்த உரைநடை கச்சேரி மொழியாகத் தீவெங்கும் நடந்தது. 1869-இல் அரசி இரண்டாம் ரனவலோனா ஞானஸ்நானம் பெற்றபின் பள்ளிகள் பெருகின. 1881-இன் 305 விதிகள் கொண்ட சட்டத்தொகுப்பு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கியது.

அந்தப் பள்ளிக்கூட வாசனை மொழியில் இன்னும் போகவில்லை. புத்தகம் 'புக்கி', பள்ளி 'செக்கூலி', பென்சில் 'பென்சிலி', எழுதும் பலகை 'சுலைட்ர'. ஆங்கிலேயர் பையில் வந்தவை. சாப்பாட்டு மேசைக்கு வந்தால் பிரெஞ்சு. மேசை 'லதபட்ர', ரொட்டி 'டிபைன', தேநீர் 'டிடே'. பிரெஞ்சில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டும் 'லா', 'டு' எல்லாம் சேர்த்தே விழுங்கியிருக்கிறார்கள். படித்தது ஆங்கிலேயரிடம், பரிமாறியது பிரெஞ்சுக்காரர் வீட்டில் என்று இந்தச் சொற்களிலிருந்தே ஊகிக்கலாம்.

பிரெஞ்சுக்காரர்கள் 1896-இல் தீவைத் தங்கள் காலனியாக இணைத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு கடைசி அரசியை நாடு கடத்தினார்கள். ஆளுநர் கல்யேனி மெரின ஆதிக்கத்தை உடைக்க, ஒவ்வொரு இனத்தையும் தனித்தனியே ஆளும் கொள்கையை வகுத்தார். வேலைக்கும் மேற்படிப்புக்கும் பிரெஞ்சு. அதே கல்யேனிதான் 1902-இல் மலகாசி அகாதமியையும் நிறுவினார். மொழியை நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டு ஆராய்ச்சி மேசையில் வைத்தார் என்று சொல்லலாம்.

1960-இல் விடுதலை வந்தும் பள்ளியில் பிரெஞ்சே ஓங்கியிருந்தது. 1972 மே மாதம் தலைநகரில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் கேட்டதில் முக்கியமானது கல்வியை மலகாசியில் தருவது. மே 13 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. சில நாட்களில் குடியரசுத் தலைவர் சிரனன அதிகாரத்தை ராணுவத் தளபதி ரமனன்ட்சுவவிடம் ஒப்படைத்தார். மலகாசியாக்கம் வெற்றி பெற்றது போலத் தெரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தோமாசினாவில் கலவரம் வெடித்தது, இந்த முறை மலகாசியாக்கத்துக்கு எதிராக. கடற்கரை மக்களின் கணக்கு எளியது. பாடம் மலகாசியில் என்றால் அது மெரினவில்தான் இருக்கும். மலைநாட்டுப் பிள்ளை வீட்டுப்பேச்சிலேயே தேர்வெழுதுவான், நம் பிள்ளை இன்னொரு மொழியைக் கற்றுக்கொண்டு வந்து எழுத வேண்டும். பிரெஞ்சு என்றால் இருவருக்கும் சமமாகக் கஷ்டம். அதற்கும் அடியில் ஒரு பழைய காயம்: ரடாமாவின் படைகள் வந்து போன, அடிமைகளைப் பிடித்துப்போன நினைவு. மெரின மொழி அவர்கள் ஊருக்கு முதலில் பாடநூலாக வரவில்லை, படையோடு வந்தது.

இந்த முடிச்சை அவிழ்க்க அரசு சொன்ன வழி 'மலகாசி யும்புனன', அதாவது பொது மலகாசி. எல்லா வழக்குகளிலிருந்தும் சொற்களை எடுத்து ஒரு மொழி வார்ப்பது. 1975-இல் ஆட்சிக்கு வந்த ரட்சிரகா கிழக்குக் கடற்கரைக்காரர். அவர் காலத்தில் பள்ளிப் பாடம் மலகாசிக்கு மாறியது. எண்ணம் நல்லதுதான். நடைமுறையில் மெரின உடம்பில் அங்கங்கே கடற்கரைச் சொல் ஒட்டுப்போட்டது போலத்தான் ஆனது என்பது என் கணிப்பு. சொல்லைக் குழு போட்டுச் சேர்த்துவிடலாம், வாக்கியம் எழுதப் பழகிய கைகள் எங்கே இருக்கின்றன என்பதுதான் கேள்வி. 150 ஆண்டுகளாக அச்சு, செய்தித்தாள், வேதம், சட்டம் எல்லாம் ஒரே வழக்கில். வசதியுள்ளவர்கள் இதற்கிடையே தங்கள் பிள்ளைகளைச் சத்தமில்லாமல் பிரெஞ்சுப் பள்ளிகளில் சேர்த்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் பாடமொழியாகப் பிரெஞ்சு திரும்பி வந்தது. 2007-இல் ஆங்கிலத்தையும் ஆட்சிமொழியாக்கிப் பார்த்தார்கள். 2010 அரசியல் சாசனம் அதை நீக்கிவிட்டது. இன்று சாசனப்படி தேசிய மொழி மலகாசி. ஆட்சிமொழிகள் மலகாசியும் பிரெஞ்சும். எந்த மலகாசி என்று சாசனம் சொல்வதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

தெற்கில் ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு இதன் பொருள் இரட்டை ஏற்றம். வீட்டில் 'லிமி', பள்ளியில் 'டிமி', இன்னும் மேலே போனால் பிரெஞ்சு எண்கள். மெரினவை ஏற்க மறுத்தால் அந்த இடம் அவன் பேச்சுக்குக் கிடைப்பதில்லை, பிரெஞ்சுக்குப் போய்விடுகிறது. கடற்கரை அரசியல்வாதிகள் இதை அறியாதவர்கள் அல்லர்.

வட்டார வழக்குகள் பாட்டில் மட்டும் தலைநகரையே பிடித்து வைத்திருக்கின்றன. வடமேற்கின் 'சலேகி' இசை, அதன் மன்னர் என்று அழைக்கப்படும் ஜௌஜூபி, தென்மேற்கில் துலியாராவின் 'த்சபிகி' எல்லாம் கடற்கரைப் பேச்சில்தான். மேட்டுநில இளைஞர்கள் கல்யாணங்களில் அதற்கு ஆடுகிறார்கள். பாடல் வரிகளை எழுதும்போதுதான் ரடாமா விட்டுவைத்த பழைய சிக்கல் எழும். வடமுனைத் துறைமுக நகரத்தை அரசு வரைபடம் 'அந்த்சிரனன' என்று எழுதுகிறது. அந்த ஊர்க்காரர் வாயில் அது 'அந்த்சிரஙன'. அந்த ஒலிக்காக 'ன' எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்து எழுதுகிறவர்கள் உண்டு. விசைப்பலகையில் அது கிடைக்காதவர்கள் வெறும் 'ன' போட்டுவிட்டு, வாசிக்கும்போது மட்டும் 'ங' என்று வாசித்துக்கொள்கிறார்கள்.