ஏசி கேஸ் தானாகத் தீராது

வெயில் ஏறத் தொடங்கியதும் கார் ஏசி கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு: "கேஸ் குறைஞ்சிருக்கு சார், அடிச்சிரலாம்." வருடம் தவறாமல் இதற்குப் பணம் கட்டுகிறவர்கள் ஏராளம். பெட்ரோல்போல எரிந்து தீரும் பொருளல்ல ஏசி கேஸ். மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியே துளித்துளியாகக் கசிவது இயல்புதான். ஆனால் அதனால் குளிர்ச்சி குறையப் பல ஆண்டுகள் ஆகும். போன கோடையில் அடித்த கேஸ் இந்தக் கோடைக்குள் போய்விட்டதென்றால், எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் மறுபடி நிரப்பினால் அதுவும் போய்விடும். கம்ப்ரசருக்கான ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. கேஸ் குறைந்தபடியே வண்டி ஓடினால் ஆயில் திரும்பி வராமல் கம்ப்ரசர் பிடித்துக்கொள்ளும். அந்தச் செலவு பல ஆயிரங்களைத் தொடும்.

குளிர்ச்சி குறைந்தால் முதலில் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். கண்டென்சரில் மண் அடைந்திருக்கிறதா, அதன் ஃபேன் சுற்றுகிறதா என்றும் கவனியுங்கள். அவை சரியாக இருந்தால் கசிவைத் தேடச் சொல்லுங்கள். நைட்ரஜன் ஏற்றி சோப்பு நீர் தடவினால் பல கசிவுகள் நுரையாகக் காட்டிக்கொடுக்கும். வண்டியின் முன்புறம் இருப்பதால் கல்லடி படும் கண்டென்சரும், இணைப்புகளில் உள்ள ஓ-ரிங்குகளும் வழக்கமான இடங்கள்.

பழுது பார்த்தபின் பம்பால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி வேக்கம் போடுவதுதான் பலரும் அவசரத்தில் விடும் வேலை. அரை மணி நேரமாவது போட்டு, பம்பை நிறுத்தியபின் கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் அது ஆயிலோடு கலந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்பது பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கராக ஒட்டப்பட்டிருக்கும். அந்த அளவை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். கூடுதலாக ஏற்றினாலும் குளிர்ச்சி குறையும், கம்ப்ரசரும் கெடும்.

விலை மிகக் குறைவென்றால் எச்சரிக்கை தேவை. ஆர்134ஏ என்ற ஏசி கேஸின் பெயரில் சமையல் கேஸ் வகை ஹைட்ரோகார்பன் கலந்த போலிகளும் உண்டு, கசிந்தால் தீப்பிடிக்கும். அசல் ஆர்134ஏ எளிதில் தீப்பற்றாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைவிட 1,300 மடங்குக்கு மேல் வலியது. பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடும் கடையைத் தவிருங்கள்.

கேஸ் வகை, கிராம் அளவு, கசிந்த இடம், மாற்றிய பாகம், வாரண்டி எல்லாம் பில்லில் இருக்கட்டும். செய்யாத வேலைக்குப் பணம் வாங்குவதும் அரைகுறையாகச் செய்வதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் கேள்விக்குரியவை. முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பலனில்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.