பழைய டிராக்டர் வாங்கும் விஷயம்

மேட்டூர் அணையைத் திறப்பதற்கு வழக்கமாகக் குறிக்கப்படும் நாள் ஜூன் 12. அதற்கு முன்பாக ஒரு டிராக்டரை எவ்விதமேனும் வீட்டிற்குக் கொண்டுவந்துவிட வேண்டுமென்ற ஆவல் தஞ்சைக் குடியானவர்களுக்கு உண்டாவது இயற்கையே. புதிய யந்திரத்திற்குப் பல லட்ச ரூபாய் வேண்டியிருக்கையில், சொற்ப நிலமுடையோர் பழையதை நாடுவதில் தவறேதுமில்லை. ஆனால் அது தொழி உழவின் நடுவே நின்றுவிடுமாயின், நஷ்டம் பழுதுபார்க்கும் கூலியோடு தீருவதன்று. நாற்று முற்றி, குறுவையின் பருவமே கெட்டுவிடும். ஆதலின் நிதானம் வேண்டுமென வற்புறுத்த விரும்புகிறோம்.

நடுத்தர டிராக்டரென நாம் கருதுவது சுமார் 35 முதல் 50 வரை குதிரைச் சக்தியுள்ளதை. எந்தக் கம்பெனியின் யந்திரம் சிறந்தது என்ற வாதத்தில் நமக்குச் சிரத்தையில்லை. மாஸி பெர்குஸனாயினும் மஹிந்திராவாயினும் ஸ்வராஜாயினும், உதிரிப் பாகமும் அதைப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்கும் அருகில் கிடைத்தால் போதும்.

அதனினும் முக்கியமானது, அது இதுவரை எங்கே உழைத்தது என்பது. சேற்றில் கேஜ் வீல் பூட்டி ஓடிய வண்டியின் அச்சுகளில் எண்ணெய் சீல்கள் தேய்ந்து, நீர் புகுந்திருக்கலாம்; உள்ளேயுள்ள எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் அதுவே சாட்சி. செங்கல் சூளைக்குப் பாரம் இழுத்ததாயின் கிளட்சும் பிரேக்கும் தளர்ந்திருக்கும். புது வர்ணத்தைக் கண்டு மயங்கலாகாது. மாட்டுச் சந்தையில் கொம்பு சீவி எண்ணெய் தடவி நிறுத்தும் தந்திரத்திற்கும் இதற்கும் பேதமில்லை. மணிக் கணக்குக் காட்டும் மீட்டரை மாற்றிவிடலாம். தேய்ந்த மிதிகட்டையையும், நீள்வட்டமாகிப்போன இணைப்புத் துளைகளையும் மறைப்பது அத்தனை சுலபமன்று.

என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே கிளப்பிப் பார்க்க வேண்டும். நாம் போகுமுன்பே அதைச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் விடியற்காலையில் வருவதாகச் சொல்லித் திரும்புவது மேல். நீலப் புகை ஓயாமல் வருமாயின் என்ஜின் எண்ணெய் எரிகிறதென்று பொருள். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறக்கையில் ஆவி குப்குப்பென்று வெளிவந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கக்கூடும். இதற்கு ஆகும் செலவு லேசானதன்று. பின்னர்க் கலப்பையை லிப்டில் தூக்கி, என்ஜினை நிறுத்திக் கவனிக்க வேண்டும். விறுவிறுவென இறங்கிவிடுமாயின் ஹைடிராலிக் பகுதியில் பழுது உண்டு.

யந்திரத்தை இவ்வளவு சோதிப்பவர்களும் கடிதங்களைப் பார்ப்பதில் அசட்டையாயிருப்பது விசனத்திற்குரியது. ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் வண்டியில் பொறித்துள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். பாங்கிக் கடன் அதில் குறிக்கப்பட்டிருந்தால், கடன் தீர்ந்ததற்குப் பாங்கி கொடுக்கும் கடிதமும், பாங்கி கையொப்பமிட்ட 35-ஆம் நமூனாவும் அவசியம். இவையின்றி வாங்கினால், முந்தியவரின் பாக்கிக்காகப் பிந்தியவர் வீட்டு வாசலிலிருந்து வண்டியைக் கொண்டுபோய்விடலாம். பெயர் மாற்றத்திற்கு 29, 30-ஆம் நமூனாக்கள் உள. விற்பவர் நமக்கு உறவினராயினும், சிறு முன்பணம் தந்து, மேற்கண்ட கடிதங்கள் கைக்கு வந்த பின்னரே மீதியைக் கொடுப்பதாகப் பேசுவதில் கூச்சப்பட வேண்டியதில்லை.